நீலம் வராத நாற்பது நாட்கள்

"என் மருமகளை நான் திட்டுவேன். அது எங்க வீட்டு விவகாரம். ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் கொலைகாரின்னு சொல்றதுக்கு அவ என்ன நாதியத்தவளா?"

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். இந்த மாமியார் தன் நாற்காலியை நிறைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியிலும் பாதியைப் பிடித்திருந்தார். மீதிப் பாதியில் மருமகள் ஒடுங்கியிருந்தாள். நர்ஸ். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆறு நாளாகத் தூங்கவில்லை என்பதைக் கண்ணே சொல்லியது.

அலுவலகம் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல். கண்ணாடி அறுக்கும் கடைக்கு மேலே ஒரே அறை. அதில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் என் அண்ணி. காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்தவர். பிறகு தனியாகத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினார். மேசைக்கு முன்னால் இருப்பவன் நான். பதினாறு வருடம் மருந்து கம்பெனிக்காக டாக்டர்களின் வாசலில் நின்றவன். கம்பெனியை மூடியதும் என் அண்ணன், "வாயை மட்டும் வெச்சுப் பிழைச்சவன், உனக்கு உதவுவான்" என்று சொல்லி என்னைத் தன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார்.

"தம்பி, அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார் அண்ணி. கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் குறைந்தது. "நீ சொல்லும்மா. மாமியார் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

நர்ஸ் சொன்னாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிற இடம். ஒருவர் முடித்து எழுந்ததும் இயந்திரத்தைக் கிருமிநாசினி விட்டுக் கழுவுவார்கள். பிறகு வெறும் தண்ணீர் விட்டு அந்தக் கிருமிநாசினியைக் கழுவுவார்கள். அது ஒரு சொட்டுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்தவரின் ரத்தத்தில் நேராகப் போய்ச் சேரும்.

"மிச்சம் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"டெஸ்ட் பேப்பர் இருக்கு மேடம். மஞ்சளா, விரல் நீளத்துல ஒரு துண்டு. கழுவின தண்ணியில முக்குவோம். மஞ்சளாவே இருந்தா சுத்தம். நீலமானா இன்னும் மருந்து இருக்கு, திரும்பக் கழுவணும். முக்கின துண்டை அப்படியே புத்தகத்துல ஒட்டி, பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அன்னைக்கு?"

"முக்கினேன். மஞ்சள்தான். ஒட்டினேன். 'சுத்தம்'னு எழுதினேன். தையல்காரர் ஒருத்தர் படுத்திருந்தார். இணைச்சுப் பத்து நிமிஷத்துல நெஞ்சு எரியுதுன்னார். அப்படியே சாஞ்சுட்டார். அப்புறம் டாக்டருங்க முன்னால புத்தகத்தைத் திறந்தாங்க. நான் எழுதின 'சுத்தம்' அப்படியே இருக்கு. பக்கத்துல துண்டு நீலமா இருக்கு."

தையல்காரர் மூன்றாம் நாள் கண் திறந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கை இன்னும் ஊசி பிடிக்க வரவில்லை. நாளை மறுநாள் விசாரணை. நீலத்தைப் பார்த்தும் சுத்தம் என்று எழுதினாள் என்பது குற்றச்சாட்டு. நர்ஸ் உரிமம் போகும். அதற்குப் பின்னாலேயே போலீஸ் வரும்.

"மஞ்சளா ஒட்டினது, காத்துப் பட்டு அப்புறமா நீலமாகுமா?"

"ஆகாது மேடம். ஒட்டினப்ப என்ன நிறமோ அதேதான் நிக்கும்."

"அப்ப ரெண்டுதான். ஒண்ணு, யாரோ துண்டை மாத்தியிருக்காங்க. இன்னொண்ணு, நீ பொய் சொல்றே."

மாமியார் நாற்காலியில் இருந்து எழப் பார்த்தார். அண்ணி கை காட்டி உட்கார வைத்தார். நர்ஸ் மட்டும் அசையவில்லை. "நான் பொய் சொல்லல" என்றாள், தரையைப் பார்த்து.

எனக்கென்னவோ முழுசாக நம்பிக்கை வரவில்லை. தரையைப் பார்த்துச் சொல்கிற உண்மையை எந்த டாக்டரும் வாங்கமாட்டார். என் பதினாறு வருட அனுபவம்.

"அவ பொய் சொல்ல மாட்டாம்மா" என்றார் மாமியார். "சோம்பேறி, ஒத்துக்கிறேன். கோட்டைத் துவைக்கப் போடும்போது பையில என்ன இருக்குன்னு பார்க்க மாட்டா. இந்தா பாருங்க, போன வாரம் துவைச்சது. பை முழுக்க மஞ்சள். மூணு தடவை சோப்புப் போட்டும் போகல. கீழ சலவைக் கடையில கேட்கலாம்னு கையோட எடுத்துட்டு வந்தேன்."

துணிப்பைக்குள் இருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினார். இடுப்புப் பையின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை.

"அத்தை, இப்போ இது முக்கியமா?" என்றாள் நர்ஸ்.

"முக்கியம்தான்" என்றார் அண்ணி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்குள் விரலை விட்டார். தையல் மடிப்பில் இருந்து, துவைத்துக் காய்ந்து உருண்டையாகிப் போன காகிதம் ஒன்று வந்தது. "இது என்ன?"

"டெஸ்ட் பேப்பர். அவசரத்துக்குன்னு எப்பவும் ஒண்ணு ரெண்டு பையில போட்டுப்பேன்."

"இதுக்கு முன்னாடியும் பையில மறந்து, துவைச்சுக் கறையாகியிருக்கா?"

மாமியார் யோசித்தார். "மறந்தது ஆயிரம் தடவை இருக்கும். கறையானது இப்பத்தான்."

அண்ணி காகித உருண்டையை ஒரு உறையில் போட்டு மூடினார். "தம்பி, அந்த டெஸ்ட் பேப்பர் செய்யற தொழிற்சாலை எங்கன்னு கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சு?"

"மஞ்சள் ஏன் ஓடிப்போச்சுன்னு கேட்போம்."

*

தொழிற்சாலையில் எங்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். காவலாளி என் பேனாவைக்கூடக் கழற்றிப் பார்த்தான். கடைசியில் வந்தவர் சாயப் பிரிவின் தலைமை வேதியியலாளர். ஒல்லியான பெண்மணி. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எங்களைக் கடன்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல" என்றேன். "நாங்களா கெட்டுப் போய் வந்தோம்."

"போன மாசம் இதே மாதிரி ரெண்டு பேர் வந்தாங்க. எங்க செய்முறையைத் தெரிஞ்சுக்க. நீங்க கிளம்பலாம்."

அண்ணி எழவில்லை. கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். "உங்க பேப்பர் சாயம் போகுது. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

வேதியியலாளரின் முகம் மாறியது. சமையலில் கைதேர்ந்தவரிடம் போய் உப்பு கூடிவிட்டது என்று சொன்னால் வருமே, அந்தக் கோபம்.

"எங்க பேப்பரா? வாங்க இப்படி."

உள்ளே ஒரு நீள மேசை. ஜாடி ஜாடியாக நிறங்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க, சிறுநீரில் புரதம் பார்க்க, தண்ணீரில் ரசாயனம் பார்க்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பட்டை. அவர் ஒரு டப்பாவில் இருந்து மஞ்சள் துண்டை எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். சோப்புத் தூளையும் கொட்டினார். கண்ணாடிக் குச்சியால் துணி துவைப்பதுபோலக் கலக்கினார்.

"தண்ணியைப் பாருங்க."

பளிங்காக இருந்தது.

"சாயம் காகிதத்துல ஒட்டிக்கிறது வேற, கட்டிக்கிறது வேற. சும்மா முக்கி எடுத்தா ஒட்டிக்கும். ஈரம் பட்டா வந்துடும். நாங்க முதல்ல காகிதத்தோட நார்ல ஒரு கொக்கி மாதிரி உண்டாக்குறோம். சாயத்துலயும் ஒரு கொக்கி. ரெண்டையும் மாட்டி விட்டுடுவோம். அப்புறம் காகிதத்தை எரிச்சாத்தான் சாயம் போகும். நிறம் மட்டும்தான் மாறும், இடம் மாறாது."

"எங்க அண்ணன் கல்யாணம் மாதிரி" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்காமலே, "அவர் நிறமும் மாறல" என்றார். பிறகு வேதியியலாளரிடம், "இவ்வளவு பாடு எதுக்கு?" என்று கேட்டார்.

"சாயம் கழண்டு தண்ணியில போச்சுன்னா துண்டு வெளுத்துடும். நிறத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. ரத்தம் பார்க்கிற பட்டையில சாயம் ரத்தத்துக்குள்ள கலந்தா இன்னும் மோசம். நிறத்தைப் பார்த்துத்தானே ஒருத்தர் மருந்து குடுக்கிறார்? அந்த நிறம் சத்தியம் பண்ணின மாதிரி நிக்கணும்."

அண்ணி உறையில் இருந்த உருண்டையைக் கொடுத்தார். வேதியியலாளர் அதை இடுக்கியால் பிரித்து விளக்கின் கீழ் பார்த்தார். இன்னொரு கிண்ணத்தில் வெந்நீர் விட்டு அதைப் போட்டார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் இளமஞ்சள் ஆனது. தண்ணீர் கலந்த கிருமிநாசினியை அதன்மேல் இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. தன் டப்பாவின் துண்டிலும் இரண்டு சொட்டு விட்டார். அது கண்ணெதிரே நீலமானது.

"இது எங்க காகிதமே இல்ல. வடிகட்டுற தாளைக் கத்திரிக்கோலால வெட்டியிருக்காங்க, ஓரத்தைப் பாருங்க. சாயம், கடையில விக்கிற துணிச் சாயம். இது எதைப் பார்த்தும் மாறாது." அவர் குரல் தாழ்ந்தது. "இதை யாராவது நிஜமாவே உபயோகிச்சாங்களா?"

"உபயோகிச்சாங்க" என்றார் அண்ணி.

*

திரும்பும் வழியில் பேருந்தில் நான் கணக்குப் போட்டேன்.

"போலித் துண்டு. அதனாலதான் நர்ஸ் கண்ணுக்கு மஞ்சளாவே இருந்தது. சரி. அப்ப புத்தகத்துல எப்படி நீலம்? மாறவே மாறாத துண்டு மாறியிருக்கே?"

"அதுதான் எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்றார் அண்ணி. அவருக்குச் சந்தோஷம் வந்தால் யாருக்கோ கஷ்ட காலம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். நிர்வாகி ஒரு பெண். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாலும், நர்ஸ் தரப்பில் வந்தவர்கள் என்று புத்தகத்தைப் பார்க்க விட்டார். புத்தகம் அவர் அறைக்கு வெளியே, நடைபாதையில், ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தது. சாவி மூன்று பேரிடம்: நிர்வாகி, சாமான் அறைக்காரர், வார்டின் தலைமை டெக்னீஷியன்.

சாமான் அறைக்காரருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. கேட்ட கேள்விக்கெல்லாம் "எழுதிக் குடுங்க" என்றார். தண்ணீர் கேட்டதற்கும் அதையே சொன்னார்.

தலைமை டெக்னீஷியனைப் 'பெரியண்ணன்' என்று வார்டே கூப்பிட்டது. நாற்பத்தைந்து வயது, நோயாளிகளின் போர்வையைப் போகிற போக்கில் சரிசெய்துவிட்டுப் போகிற ஆள். எங்களுக்கு அவரே நாற்காலி போட்டார்.

"நல்ல பொண்ணுங்க. நான்தான் வேலை கத்துக்குடுத்தேன். வீட்டுல தூக்கம் இல்லையோ என்னவோ, ஒரு நிமிஷம் கண் ஏமாத்திடுச்சு. விசாரணையில கொஞ்சம் இரக்கமாப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். கண் கலங்கியது.

அண்ணி புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். தையல்காரர் படுத்த இயந்திரத்துக்கு மட்டுமான புத்தகம் அது. நாளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைக்கு முக்கிய துண்டுகள் வரிசையாக. நான் அலுத்துப்போய்ச் சுவரில் இருந்த கைகழுவும் முறையை மூன்று தடவை படித்து முடித்தேன்.

"தம்பி, இங்க வாங்க. இந்தப் பக்கங்கள்ல என்ன தெரியுது?"

"மஞ்சள், மஞ்சள், ஒரு நீலம். பக்கத்துல 'மீண்டும் கழுவியது'ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ மஞ்சள்."

"ரெண்டு நாளைக்கு ஒரு நீலமாவது வருது. சரி. இப்ப இங்கேயிருந்து பாருங்க."

அவர் காட்டிய பக்கத்தில் இருந்து எல்லாம் மஞ்சள். பக்கம் பக்கமாக மஞ்சள். நாற்பது நாள்.

"இயந்திரம் திருந்திடுச்சு போல" என்றேன்.

"தப்பே பண்ணாத ஆளைப் பார்த்தா நீங்க என்ன நினைப்பீங்க?"

"இன்னும் மாட்டலைன்னு நினைப்பேன்."

"அதேதான். இன்னொண்ணு. அதே நாள்ல இருந்துதான் ஒரு பக்கத்துக்கு 'சுத்தம்' மூணு போய் நாலாகுது, அதாவது நாளைக்கு ஒரு சுற்று நோயாளிங்க கூடியிருக்காங்க. இப்ப ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய்ச் சாய்ச்சுப் பிடிங்க."

பிடித்தேன். வெளிச்சத்தில் தெரிந்தது. அந்த நாற்பது நாளின் துண்டுகளைச் சுற்றி மட்டும், ஈரத்தில் கசிந்த மெல்லிய மஞ்சள் வளையம். பழைய துண்டுகளைச் சுற்றி எதுவும் இல்லை. காகிதம் காகிதமாக இருந்தது. கடைசிப் பக்கம் வந்தேன். தையல்காரர் விழுந்த நாள். மூன்று மஞ்சள் துண்டு, மூன்றுக்கும் வளையம். நான்காவது, நீலம். அதைச் சுற்றி ஒன்றும் இல்லை.

என் வாயில் இருந்து ஜோக் எதுவும் வரவில்லை.

"நிஜத் துண்டு" என்றேன். "நூத்தைம்பது போலிக்கு நடுவுல ஒரே ஒரு நிஜம்."

"விபத்துக்கு அப்புறம் அவ ஒட்டின மஞ்சளை யாரோ பிச்சுட்டு, நிஜத் துண்டை மருந்துல முக்கி ஒட்டியிருக்காங்க. மஞ்சளாவே இருந்திருந்தா டாக்டருங்க பேப்பரைச் சந்தேகப்பட்டிருப்பாங்க. நீலமானதால நர்ஸைச் சந்தேகப்பட்டாங்க. பேப்பரை யாரும் தொடவே இல்ல."

"பூட்டுதான்" என்றேன். "சாமான் அறை அவன்கிட்ட. நிஜத்தை வெளிய வித்துட்டுப் போலியை உள்ள வெச்சிருக்கான். முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதா இருந்தா உங்களை எப்பவோ உள்ள போட்டிருப்பாங்க. அந்தக் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுங்க. ரெண்டு பக்கமும்."

எடுத்தேன். அதற்குப் பிறகு அண்ணி செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். மூன்று பேரிடமும் பொய் சொன்னார். அதுவும் மூன்று வேறு பொய்.

நிர்வாகியிடம்: "ஈரத் துண்டு ஒட்டினா பக்கத்துல எழுதின மை கொஞ்சம் கலையணும். 'சுத்தம்'ங்கிற எழுத்து கலையாம இருக்கு. அதனால எனக்குச் சந்தேகம்."

பூட்டிடம்: "புத்தகத்தை மூடினா எதிர்ப்பக்கத்துல நீலம் பதியணும். பதியல. சந்தேகமா இருக்கு."

பெரியண்ணனிடம்: "இந்த பேப்பர்ல சாயம் லேசாக் கசியுமாம். எல்லாத் துண்டைச் சுத்தியும் ஒரு வளையம் இருக்கு, பார்த்தேன். இந்த நீலத்துக்கு மட்டும் இல்ல. இதுதான் போலியோன்னு தோணுது."

மூன்று பேரிடமும் கடைசியில் ஒரே வாக்கியம்: "நாலு மணிக்குத் தொழிற்சாலையில இருந்து ஒருத்தங்க வந்து பார்க்கப் போறாங்க. அதுவரைக்கும் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணி, பெரியண்ணன்கிட்ட உண்மையையே தலைகீழாச் சொல்லிட்டீங்களே?"

"ஆமா. பசிக்குது, வாங்க."

*

நான்கு மணிக்கு வேதியியலாளர் வந்தார், தன் டப்பாவோடு. நர்ஸையும் அண்ணி வரச் சொல்லியிருந்தார். அவளோடு மாமியாரும் வந்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகியின் அறையில் எல்லாரும் நின்றோம். பூட்டு வாசலோரம் நின்றார். பெரியண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம்.

நிர்வாகி அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்தார். அண்ணி கடைசிப் பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார்.

'சுத்தம்' கலையவில்லை. எதிர்ப்பக்கத்தில் நீலம் பதியவில்லை.

நீலத் துண்டைச் சுற்றி ஒரு வளையம் வந்திருந்தது. மெல்லியதாக, பக்கத்தில் இருந்த மூன்று வளையங்களைப் போலவே, மஞ்சளாக.

"தம்பி, காலையில எடுத்த போட்டோ."

செல்போனைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன். போட்டோவில் வளையம் இல்லை. நேரம் பதினொன்று பத்து என்று இருந்தது.

"மூணு பேர்கிட்ட மூணு குறை சொன்னேன்" என்றார் அண்ணி. "ஒரு குறை மட்டும் சாப்பாட்டு வேளையில சரியாயிடுச்சு. வளையத்தைப் பத்தி நான் பேசினது ஒருத்தர்கிட்டதான்."

பெரியண்ணன் பின்னால் கட்டிய கைகளைப் பிரிக்கவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்று அண்ணி வேதியியலாளரைப் பார்த்தார். "உங்க துண்டைச் சுத்தி வளையம் வருமா?"

"வரவே வராது. வந்தா அது எங்களோடது இல்ல."

"வந்தாலும், நீலத் துண்டுல இருந்து மஞ்சளா கசியுமா?" அண்ணி பெரியண்ணனிடம் திரும்பினார். "உங்ககிட்ட இருந்தது ஒரே சாயம். அதனால ஒரே நிற வளையம். கையை முன்னால காட்டுங்க."

அவர் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவும் இல்லை. மாமியார் ஏற்கெனவே அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார். "நகக்கண்ணு பூரா மஞ்சள்" என்றார். "சோப்புப் போட்டாலும் போகாது, நான் போட்டுப் பார்த்திருக்கேன்."

பூட்டு முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "வடிகட்டுற தாள் ரெண்டு கட்டு காணோம்னு நான் எழுதிக் குடுத்தேன். யாரும் படிக்கல."

"பெரியண்ணா" என்றாள் நர்ஸ்.

அவர் உட்கார்ந்தார். அவர் போட்ட நாற்காலிகள் எல்லாம் அடுத்தவருக்கு. தனக்குப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"என் தம்பி எட்டு மாசமா காத்திருப்புப் பட்டியல்ல இருந்தான்" என்றார். "வாரத்துக்கு மூணு தடவை செய்ய வேண்டியது. வேற எங்கேயோ அலைஞ்சு ஒரு தடவைதான் கிடைச்சுது. உடம்பு ஊதி, மூச்சு விட முடியாம உட்கார்ந்தே தூங்குவான். நாலாவது சுற்று ஒண்ணு வெச்சா இடம் கிடைக்கும்னு கேட்டேன். இயந்திரத்தைப் பத்து நிமிஷத்துல தயார் பண்ணினா வெச்சுக்கலாம்னு நிர்வாகத்துல சொன்னாங்க. ஒழுங்காக் கழுவினா நாற்பது நிமிஷம். பத்து நிமிஷம் கழுவினா பேப்பர் நீலம் காட்டும். நர்ஸுங்க நீலத்தைப் பார்த்தா இணைக்க மாட்டாங்க. கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், உடம்பு தாங்கும்னு நினைச்சேன். நாற்பது நாள் தாங்கிச்சு. என் தம்பியோட சேர்த்து எட்டுப் பேர் அந்தச் சுற்றுல பொழைச்சாங்க."

"தையல்காரர்?" என்றார் அண்ணி.

"அன்னைக்குக் குழாய் ஒரு இடத்துல மடங்கியிருந்திருக்கு. அங்க மருந்து தேங்கிடுச்சு."

"அது விபத்துன்னே வெச்சுக்கலாம். அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு பேர்ல நீலத்தை ஒட்டினீங்களே, அது?"

நர்ஸ் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"நானும் கேட்டிருக்கணும்" என்றாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "நிறையப் பேர் தலைவலின்னு சொன்னாங்க. ஒரு தடவைகூட நீலம் வரலையேன்னு எனக்குத் தோணுச்சு. வேலை சீக்கிரம் முடியுதுன்னு சும்மா இருந்துட்டேன். உங்ககிட்ட வந்தப்பவும் இதைச் சொல்லல மேடம்."

"தெரியும்" என்றார் அண்ணி. "அதனாலதான் உன்னை நம்பாம வேலையை ஆரம்பிச்சேன்." பிறகு நிர்வாகியைப் பார்த்தார். "நாற்பது நிமிஷ வேலை பத்து நிமிஷத்துல எப்படி முடியுதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

நிர்வாகி கடிகாரத்தைப் பார்க்கப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். போலீஸுக்கு அவரேதான் போன் செய்தார்.

*

ஐந்தரை மணிக்கு நாங்கள் கிளம்பும்போது வார்டு வாசலில் ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது சுற்று. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

நிர்வாகி போய்ச் சொன்னார். "இனிமே இந்தச் சுற்று கிடையாது. வேற ஏற்பாடு செய்யற வரைக்கும்." நான்கு பேரில் யாரும் எழுந்து போகவில்லை. வீங்கிய காலோடு அவ்வளவு தூரம் வந்தவர்கள்.

"இன்னைக்கு ஒரு நாள் நான் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் நர்ஸ். "முழுசாக் கழுவி."

"உன் இடைநீக்கம் இன்னும் ரத்தாகல" என்றார் நிர்வாகி.

"ரத்து பண்ணுங்க" என்றார் மாமியார். "பேனா இருக்கா, தரட்டுமா?"

நிர்வாகி கையெழுத்துப் போட்டார். வேதியியலாளர் தன் டப்பாவை நர்ஸின் கையில் கொடுத்துவிட்டு, தோளைத் தட்டினார். பூட்டு, எழுதிக் கேட்காமலே ஒரு புதுப் புத்தகம் கொண்டுவந்து வைத்தார்.

பெஞ்சின் கடைசியில் இருந்தவர் பெரியண்ணனின் தம்பி, பள்ளி வேன் ஓட்டுகிறவர் என்று அப்புறம் தெரிந்தது. காக்கிச் சட்டை, மெலிந்த முகம். அவர் நர்ஸிடம் கேட்டார். "அண்ணன் எங்கம்மா? எனக்கு எப்பவும் அவர்தான் ஊசி போடுவார்."

நர்ஸ் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். தையல்காரரின் கையைப் பற்றியும் சொன்னார்.

அவர் தன் முழங்கையில் இருந்த பழைய ஊசித் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இயந்திரத்தில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது.

"ஒழுங்காக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஒரு இயந்திரத்துக்கு நாற்பது நிமிஷம். நான் ஒருத்திதான், ஒண்ணொண்ணாத்தான் கழுவணும்" என்றாள் நர்ஸ் கதவருகில் நின்றபடி.

"மத்த மூணு பேருக்கு முதல்ல பாருங்கம்மா. நான் கடைசியா வரேன்."